பந்தின் சூடும் பையனின் சூடும்

கோடை விடுமுறை என்றால் உங்களுக்கு ஓய்வு. வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு அப்படியில்லை என்பதை என்றைக்காவது கவனித்திருக்கிறீர்களா? திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு மே மாதம்தான் ஆண்டிலேயே மிக நெருக்கடியான மாதம். பகலெல்லாம் விடைத்தாள் திருத்தும் வேலை. விடிந்ததும் மகளைத் தட்டச்சு வகுப்பில் கொண்டுபோய் விட வேண்டும். மனைவிக்கு வங்கி வேலை; வங்கிக்குக் கோடை விடுமுறை கிடையாது. கண் அறுவை முடிந்து வீட்டில் இருக்கும் மாமியாருக்கு வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும். இத்தனைக்கும் நடுவில், சில ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மே மாதம், எங்கள் தெருப் பையன்கள் பதினான்கு பேர் வாசலில் வந்து நின்றார்கள். "சார், எங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக் கொடுங்க" என்றார்கள். கல்லூரி நாட்களில் அவர்கள் அப்பா பந்தாடியவர் என்று என் மகன் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

எல்லாரும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள். மறுக்க மனம் வரவில்லை.

பாளையங்கோட்டை விளையாட்டுக்குப் பழக்கப்பட்ட ஊர். வ.உ.சி. மைதானம் இருக்கிறது, அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. கோடை வந்தால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் பயிற்சி முகாம் நடத்துகிறது. அந்த முகாம்களின் அறிவிப்பைப் பார்த்தால் காலை, மாலை என்று இரண்டு வேளைதான் குறித்திருப்பார்கள். நடுப்பகலை ஏன் விட்டுவிட்டார்கள் என்று நான் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை. என் நேரத்துக்குத் தக்கபடி பயிற்சி வைத்தேன்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் மாமியாரை மருத்துவரிடம் அழைத்துப் போயாயிற்று. மாலை ஆறு மணிக்கு ஒரு திருமண வரவேற்பு. எனவே பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாரும் மைதானத்துக்கு வந்துவிடுங்கள் என்றேன். வெப்பநிலை 38 டிகிரி சென்டிகிரேடு. புல் இல்லாத செம்மண் தரை.

ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருக்கும். "சார், பந்து கல்லு மாதிரி ஆயிடுச்சு" என்றான் ஒருவன். இயற்பியல் ஆசிரியனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? எல்லாரையும் வெயிலிலேயே சுற்றி நிற்க வைத்து விளக்கத் தொடங்கினேன். காலையில் 28 டிகிரியில் பந்துக்குக் காற்று அடித்தோம். அழுத்தமானி 0.8 வளிமண்டல அழுத்தம் காட்டியது. அது வெளிக்காற்றைவிட எவ்வளவு மிகுதி என்பதைத்தான் காட்டும். ஆகவே பந்துக்குள் உண்மையில் இருப்பது 1.8. இப்போது வெயிலில் கிடந்து பந்து 55 டிகிரிக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பருமன் அதிகம் மாறாது. கெல்வின் அளவில் 301-இலிருந்து 328 ஆகிறது. அழுத்தமும் அதே விகிதத்தில் உயர்ந்து 1.96 ஆகும். அழுத்தமானியில் 0.96 காட்டும். அதாவது காற்றே அடிக்காமல் பந்து ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இறுகிவிட்டது. (ஆட்ட விதிகள் 0.6-இலிருந்து 1.1 வரை அனுமதிக்கின்றன. எனவே பந்தின் மேல் குற்றமில்லை.)

இந்தப் பாடத்தை நான் மகிழ்ச்சியோடு நடத்திக்கொண்டிருந்தபோது, ஓரத்தில் நின்ற ஒரு பையன் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். களைப்பு என்று நினைத்தேன். "என்னடா?" என்று கேட்டேன். "சார், பஸ் வந்துட்டா?" என்றான். அவன் வீடு அடுத்த தெருவில் இருக்கிறது. எழுந்து நிற்க முயன்றான், கால்கள் பின்னிக்கொண்டன. தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாகக் கொதித்தது.

அவனைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிவிட வேண்டும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. மைதானத்து ஓரத்தில் வேப்பங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த முதியவர் குழாயை இழுத்துக்கொண்டே ஓடி வந்தார். "சார், வண்டியெல்லாம் பொறவு எடுக்கலாம். மொதல்ல பயல நனையப் போடுங்க" என்று சொல்லி, சட்டையைக் கழற்றச் சொல்லி, தலை, கழுத்து, மார்பு என்று தண்ணீரைப் பாய்ச்சினார். பையன்கள் தங்கள் சட்டைகளைக் கழற்றி விசிறினார்கள். நான் 108-க்குப் பேசினேன். வண்டி வருவதற்குள் பையன் கண் திறந்து என் பெயரைச் சரியாகச் சொன்னான். அன்றிரவு மருத்துவமனையில் இருந்துவிட்டு மறுநாள் வீடு திரும்பினான். அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பந்து சூடானதைக் கணக்குப் போட்டுச் சொன்ன நான் பையன் சூடானதைக் கவனிக்கவில்லை. அந்தக் கணக்கை இப்போது உங்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்கிறேன்.

45 கிலோ எடையுள்ள ஒரு பையன் நன்றாக ஓடிப் பந்தாடினால் மணிக்குச் சுமார் 360 கிலோகலோரி செலவழிக்கிறான். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஓட்டமாக மாறுகிறது. மீதி 290 கிலோகலோரி உடலுக்குள் வெப்பமாகவே தங்குகிறது. நம் தசைகளும் ஒருவகையில் எஞ்சின்தான்; நல்ல எஞ்சின் என்று சொல்ல முடியாது. மனித உடலின் தன்வெப்பம் தண்ணீரைவிடச் சற்றுக் குறைவு, 0.83. ஆகவே இந்தப் பையனின் உடல் முழுவதையும் ஒரு டிகிரி உயர்த்த 45 × 0.83, அதாவது ஏறத்தாழ 37 கிலோகலோரி போதும். 290-ஐ 37-ஆல் வகுத்துப் பாருங்கள். வெப்பம் வெளியேற வழியே இல்லை என்றால் எட்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும்! 37 டிகிரியில் ஆடத் தொடங்கியவன் அரை மணி நேரத்தில் 40-ஐத் தாண்டிவிடுவான். 40-ஐத் தாண்டிய உடலில் மூளை தடுமாறுகிறது. இல்லாத பஸ் வருவது அப்போதுதான்.

நல்லவேளையாக வெளியேற வழி இருக்கிறது. உடல் வெப்பத்தை இழக்கும் வழிகளை உங்கள் பாடப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு, ஆவியாதல். ஆனால் முதல் மூன்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குத்தான் போகும். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. மார்கழிக் காலையில் காற்று 23 டிகிரியாக இருக்கும்போது இந்த மூன்று வாசல்களும் திறந்திருக்கும். மே மாதப் பிற்பகலில் காற்று 38, தரை அதைவிடச் சூடு, தலைக்கு மேலே சூரியன். வாசல்கள் மூடுவதோடு நிற்பதில்லை. அவற்றின் வழியே வெப்பம் உள்ளே வரத் தொடங்குகிறது. வெயிலால் மட்டும் அந்தப் பையனின் உடலில் மணிக்கு 100 கிலோகலோரி போல ஏறும். சிறுவர்களுக்கு இது இன்னும் பாதகம். எடைக்கு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அவர்களின் தோல் பரப்பு மிகுதி.

மிஞ்சியிருப்பது ஒரே வழி, வியர்வை. ஒரு கிராம் வியர்வை தோலின் மேல் ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று தேர்வில் எழுதுகிறீர்களே, அதுதான் இது. உள்ளிருந்து 290, வெயிலிலிருந்து 100; மொத்தம் 390 கிலோகலோரியை வெளியேற்ற மணிக்கு ஏறத்தாழ 670 கிராம் வியர்வை ஆவியாக வேண்டும். ஆவியாக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சொட்டிக் கீழே விழுகிற வியர்வையும் துண்டால் துடைத்தெடுக்கிற வியர்வையும் இந்தக் கணக்கில் சேராது.

இது உண்மைதானா என்று பின்னாளில் எடை போட்டே பார்த்தோம். ஆட்டத்துக்கு முன் 45.0 கிலோ இருந்த ஒரு பையன் ஒரு மணி நேரத்துக்குப் பின் 44.6 இருந்தான். இடையில் 300 மில்லி தண்ணீர் குடித்திருந்தான். அப்படியானால் இழந்தது 700 கிராம். ஆனால் அவன் சட்டை அவ்வளவாக நனைந்திருக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கோடையில் காற்று வறண்டிருப்பதால் வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடுகிறது. "எனக்கு வேர்க்கவே இல்ல சார்" என்று பையன்கள் சொல்வதை நம்பக் கூடாது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தோம். பாளையங்கோட்டையைவிட அங்கே வெயில் குறைவு என்று மாமியாருக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் மகள் மட்டும், "அப்பா, இங்கதான் புழுங்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். இருவர் சொன்னதும் சரிதான். ஒரு எடுத்துக்காட்டு பாருங்கள். உள்நாட்டில் 38 டிகிரி வெப்பமும் 35 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் இருந்தால் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஏறக்குறைய 26 டிகிரி காட்டும். கடற்கரையில் 34 டிகிரியும் 70 விழுக்காடும் இருந்தால் அது 29 காட்டும். வியர்த்த உடலும் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. காற்றில் ஏற்கனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை போவதற்கு இடமேது?

ஆகவே வெறும் வெப்பநிலையை மட்டும் பார்த்து ஆடலாமா கூடாதா என்று முடிவு செய்ய முடியாது. அமெரிக்கக் கடற்படை வீரர்களின் பயிற்சி முகாம்களில் வெயிலில் பலர் சுருண்டு விழுந்ததை ஆராய்ந்த யாக்ளூ, மினார்டு என்ற இருவர் 1957-இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். வெயிலிலும் காற்றிலும் வைத்த ஈரக்குமிழ் வெப்பமானியின் அளவில் பத்தில் ஏழு பங்கு, கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானியின் அளவில் பத்தில் இரண்டு பங்கு, நிழலில் வைத்த சாதாரண வெப்பமானியின் அளவில் பத்தில் ஒரு பங்கு. மூன்றையும் கூட்ட வேண்டும். வியர்வைக்கு ஏழு பங்கு, வெயிலுக்கு இரண்டு, காற்றின் சூட்டுக்கு வெறும் ஒன்று! நாம் தினமும் செய்தியில் கேட்பது அந்த ஒரு பங்கைத்தான்.

உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவும் இந்த அளவைத்தான் பின்பற்றுகிறது. 2014 உலகக் கோப்பையில் கூட்டுத்தொகை 32-ஐத் தாண்டினால் ஆட்டத்தை இடையில் நிறுத்தி வீரர்களைக் குளிரவைக்கலாம் என்று விதி இருந்தது. அவ்வாண்டு ஜூன் 29 அன்று பிரேசிலின் ஃபோர்ட்டலேசா நகரில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் மோதியபோது அப்படி ஆட்டத்தை நிறுத்தினார்கள். கத்தார் நாட்டின் கோடைக்கு அஞ்சி 2022 உலகக் கோப்பையை வழக்கமான ஜூன், ஜூலையிலிருந்து நவம்பர், டிசம்பருக்கே தள்ளி வைத்தார்கள். உலகத்தின் தலைசிறந்த வீரர்களுக்காகப் போட்டியையே ஐந்து மாதம் தள்ளி வைக்கிறார்கள். நானோ ஒரு வரவேற்புக்காகப் பயிற்சியை மூன்று மணிக்கு வைத்தேன்.

அன்றைய பிற்பகலுக்குச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால்: ஈரக்குமிழ் 26, கறுப்புக் கோளம் 55, காற்று 38 என்று கொண்டால், 18.2 + 11 + 3.8 = 33. அதே மைதானம், மறுநாள் காலை ஆறரை மணி: ஈரக்குமிழ் 24.5, கோளம் 32, காற்று 28 என்றால், 26.4 தான். அண்ணா விளையாட்டரங்க முகாம்காரர்கள் இந்தக் கணக்கைப் போட்டார்களோ என்னவோ, அனுபவம் அவர்களைச் சரியான நேரத்துக்குக் கொண்டு வந்து சேர்த்திருக்கிறது.

அந்த முதியவர் செய்தது ஏன் சரி என்றும் சொல்லிவிடுகிறேன். வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வல்லது. குறுக்குத்துறையில் தாமிரபரணிக்குள் இறங்கிய நொடியில் உடம்பு சிலிர்க்கிறதே, அந்தக் கடத்தல்தான் பையனைக் காப்பாற்றியது. வெப்பத் தாக்குதலில் மூளை எத்தனை நிமிடம் சூட்டில் இருந்தது என்பதே முக்கியம். அதனால்தான் மருத்துவர்களும் முதலில் குளிரவை, பிறகு கொண்டு போ என்கிறார்கள். உங்கள் நண்பன் ஒருவன் ஆட்டத்தின் நடுவே உளறினாலோ தள்ளாடினாலோ நிழலில் கிடத்தி நீரை ஊற்றி விசிறுங்கள். உடனே ஒருவர் 108-க்குப் பேசட்டும். நினைவு தெளியாதவன் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. வியர்க்கிறதே, ஒன்றும் இருக்காது என்று விட்டுவிடவும் கூடாது; ஓடியாடி வரும் வெப்பத் தாக்குதலில் வியர்வை நிற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

இன்னொன்று, அன்று விழுந்தவன் எங்கள் குழுவிலேயே மெலிந்தவனோ சோம்பேறியோ அல்ல. பரீட்சை முடிந்து ஒன்றரை மாதம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு அன்றுதான் முதல்முதலாக வந்திருந்தான். உடல் வெயிலுக்குப் பழக பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதற்குள் இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, அதில் உப்பும் குறைகிறது. இப்போது முதல் வாரம் வருபவனுக்குப் பாதி ஆட்டம்தான் கொடுக்கிறேன். கோபித்துக்கொள்கிறார்கள், கொள்ளட்டும்.

இந்தக் கருவியை நீங்களே செய்யலாம். ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் சிவப்புத் திரவ வெப்பமானிகள் மூன்று போதும். ஒன்றின் குமிழில் வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி, அதன் மறுமுனையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் தொங்கவிட்டு வெயிலில் வையுங்கள். இரண்டாவதை ஒரு மெல்லிய தகர டப்பாவுக்குள் நுழைத்து, டப்பாவின் வெளிப்புறம் முழுதும் பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் பூசி, வாயை அடைத்து அருகே தொங்கவிடுங்கள். முறைப்படி இது 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள செப்புக் கோளமாக இருக்க வேண்டும். டப்பா சற்றே பிழை காட்டும், பரவாயில்லை. மூன்றாவது நிழலில் இருக்கட்டும். இருபது நிமிடம் பொறுத்து மூன்றையும் படித்துக் கூட்டிப் பாருங்கள். ஃபிஃபாவின் 32 என்பது தேர்ந்த வீரர்களுக்கு. எங்கள் பையன்களுக்கு 28-ஐத் தாண்டினால் ஓட்டத்தைக் குறைப்பது, 30-ஐத் தாண்டினால் நிறுத்துவது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த வேலையை அன்று பஸ்ஸுக்குக் காத்திருந்தவனிடமே ஒப்படைத்தேன். இப்போது அவன் பிளஸ் டூ படிக்கிறான். நோட்டில் தேதி வாரியாக எழுதி வைத்திருக்கிறான். நல்ல ஆட்டத்தின் நடுவில் ஊதலை ஊதிவிடுகிறான். "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்று நான் கெஞ்சினாலும் நோட்டைத்தான் காட்டுகிறான்.