வியர்வைத் துளியில் ஒரு விதி

1840-ஆம் ஆண்டு. ஜாவாத் தீவின் சுரபயா துறைமுகத்தில் டச்சுக் கப்பல் ஒன்று நின்றிருந்தது. காய்ச்சலில் கிடந்த மாலுமிகளின் சிரையைக் கீறி இரத்தம் எடுத்தார் கப்பலின் மருத்துவர் யூலியஸ் ராபர்ட் மேயர். ஜெர்மானியர், வயது 25. கருஞ்சிவப்பாக வரவேண்டிய இரத்தம் செக்கச்செவேலென்று வந்தது. தமனியைக் கீறிவிட்டோமோ என்று பதறிப்போனார். இல்லை, சிரையேதான். வெப்ப நாட்டில் உடம்பு தன் சூட்டைக் காக்க உள்ளே குறைவாக எரித்தால் போதும், அதனால்தான் இரத்தத்தில் ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று கருதினார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனவர், ஆற்றல் அழிவதில்லை, உருமாறுகிறது என்று 1842-இல் எழுதினார். வெப்ப இயக்கவியலின் முதல் விதி நம் பாடப்புத்தகத்துக்கு வந்த வழிகளில் ஒன்று, மாலுமியின் கைச் சிரை!

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. காலையில் சாப்பிட்ட இட்லிதான் அப்படிச் சூடாகிப் போகிறது. ஒரு ஜூல்கூடக் கணக்கில் விடுபடாது.

என்னை உண்மையில் மலைக்க வைப்பது இரண்டாம் விதி. வெப்பம் தானாகப் பாய்ந்தால் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் பாயும். சித்திரை வெயில் 40 டிகிரி, நம் உடம்பு 37. வெளிச்சூடு உள்ளே வரும். உள்ளே பிறக்கும் 100 வாட் எங்கே போகும்? போக வழியில்லாவிட்டால், 70 கிலோ உடம்பு மணிக்கு ஒன்றரை டிகிரி வீதம் சூடேறும். மாலைக்குள் உயிர் போய்விடும்.

அந்த நேரத்தில் நெற்றியில் ஒரு துளி அரும்புகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. உடம்பின் சொந்தச் சூட்டை இறக்க மணிக்கு 150 கிராம், ஒரு தம்ளர் வியர்வை, போதும். தன்னைவிடச் சூடான காற்றின் நடுவே உடம்பு குளிர்ந்து நிற்கிறது! விதி மீறப்படவில்லை. சிதறலின் அளவான என்ட்ரோபி மொத்தத்தில் குறையக்கூடாது என்பதே அந்த விதியின் இன்னொரு வடிவம். ஆவியாகிக் கலைந்தோடும் நீர் மூலக்கூறுகளால் கூடும் என்ட்ரோபி, தோல் குளிர்வதால் குறைவதை ஈடுகட்டிவிடுகிறது. இந்தக் கணக்கைப் போட்டுவைத்தவனை நினைத்தால் கை தானாகக் குவிகிறது.

காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் அந்த வழியும் அடைபடும். கடலோர ஊரின் புழுக்கத்தில் வியர்வை உலராமல் முதுகில் வழிவது அதனால்தான். அப்போது வேப்பமரம் லேசாக அசைந்து காற்று வருகிறது. ஈரச்சட்டை முதுகில் ஒட்டிய இடம் சில்லென்று ஆகிறது.