உலோகம் மறவாத எண்

கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியில், 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக்கூடம் உள்ளது. சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் யோசேப்பு இரப்பான் என்பாருக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடுகள் அங்குப் பேணப்பட்டு வருகின்றன. அவற்றில் மன்னனின் ஆட்சியாண்டு உண்டு. சகாப்தக் கணக்கு இல்லை. எழுத்தின் வடிவத்தையும் மொழிநடையையும் பிற சாசனங்களையும் ஒப்புநோக்கியே, அவை ஏறக்குறைய கி.பி. 1000-ஐச் சேர்ந்தவை என அறிஞர் கணித்தனர்.

அதே மட்டாஞ்சேரியில் இன்று 'கே.எல். 43' என்னும் பதிவுக்குறி தாங்கிய மோட்டார் வண்டிகள் ஓடுகின்றன. அவற்றின் எஞ்சின்களிலும் உலோகத்தில் அடித்த எண்கள் உண்டு. அவ்வெண் மெய்யானதா என்று காணும் முறையும் செப்பேட்டு ஆய்வு போன்றதே.

இக்கேள்வி வீணானதன்று. 2025 செப்டம்பரில் கொச்சியின் சுங்கத் தடுப்புப் பிரிவினர் 'நும்கோர்' என்ற பெயரில் கேரளத்தின் பல இடங்களில் சோதனை நடத்தினர். பூட்டானிலிருந்து முறைகேடாகக் கொணர்ந்த வண்டிகள் போலி ஆவணங்களால் பதிவு செய்யப்பட்டன என்பது அவர்களது குற்றச்சாட்டு. ஆவணத்தில் ஐயம் எழும்போது உலோகத்தையே வினவ வேண்டியுள்ளது. மேலும், 50 ஆண்டு கடந்த பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனிப்பதிவு விதிகளை மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்டது. எஞ்சினும் அடிச்சட்டமும் பெரிதும் மாற்றப்படாதிருத்தல் அவற்றின் நிபந்தனை.

கண்ணால் காணும் சான்றுகள்

1960-களின் கார்வெட் விளையாட்டுக் காரை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் பிளாக்கில் இருவகைக் குறிகள் உண்டு. ஒன்று, வார்க்கும்போதே புடைப்பாக அமைந்த வார்ப்பு நாள். அதில் 'ஏ' என்னும் ஆங்கில எழுத்து சனவரியையும் 'பி' பிப்ரவரியையும் குறிக்கும். மற்றொன்று, எஞ்சின் கூட்டப்பட்ட நாளையும் வகையையும் குறித்துப் பின்னர் அடித்த எண். வார்ப்பு முந்தியும், கூட்டல் அதன் பின்னும், வண்டியின் நிறைவு இறுதியிலும் வருதல் வேண்டும். கூட்டிய நாள் வார்ப்பு நாளுக்கு முந்தியதாயின், குறிகளுள் ஒன்று பொய்.

எண் அடிக்கப்படும் சமதளத்தை ஆலையில் இயந்திரம் சீவுகிறது. ஆதலால் அதில் நுண்ணிய இணைகோடுகள் எஞ்சும். எவரேனும் பழைய எண்ணை அரத்தால் தேய்த்திருந்தால் அக்கோடுகள் மறைந்திருக்கும்; அல்லது வேறு திசையில் ஓடும். சாய்வாக ஒளி வீசி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் இது புலப்படும். இலக்கங்களின் வடிவமும் ஆழமும், ஆலையில் அடித்த பிற எஞ்சின்களின் எண்களோடு ஒத்திருக்கின்றனவா என்றும் பார்த்தல் வேண்டும்.

அழித்த எண் மீளுதல்

எண் அச்சை உலோகத்தின்மீது வைத்து அடிக்கும்போது பள்ளம் மட்டும் உண்டாவதில்லை. பள்ளத்தின் அடியிலுள்ள படிகங்களும் நெரிந்து உருமாறுகின்றன. இந்நெரிவு, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தைவிட ஆழமாகச் செல்லும். எண்ணைத் தேய்ப்பவன் பள்ளத்தை நீக்குகிறான், நெரிவை நீக்குவதில்லை.

நெரிந்த பகுதியும் நெரியாத பகுதியும் அமிலத்தோடு ஒரே வகையில் வினைபுரிவதில்லை. தளத்தை மெருகிட்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் குப்ரிக் குளோரைடும் கலந்த கரைசலைப் பஞ்சால் தடவினால், மறைந்த இலக்கம் நிழல்போல் எழும். எஃகில் நெரிவுக் கோடுகளைக் காட்டும் இத்தகைய கரைசலை ஜெர்மனியின் அடால்ஃப் ஃப்ரை 1921-இல் விவரித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அலுமினியத்திற்கு வேறு கரைசல்கள் தேவை. வார்ப்பிரும்பிலோ கிராஃபைட்டுத் துகள்கள் விரவியிருத்தலால் இலக்கம் எளிதில் தெளிவுறாது. எழுந்த எண் விரைவில் மறையக்கூடும். எனவே உடனே படமெடுத்தல் இன்றியமையாதது.

இம்முறை தளத்தையே அரிப்பது; ஒருமுறை செய்ததை மீட்க இயலாது. ஆதலின் களப்பணியாளர் தாமே இதில் இறங்காமல், தளத்தைத் தொடாது படமெடுத்துத் தடய அறிவியல் கூடத்திற்கு அனுப்புவதே முறை. எண்ணுள்ள பகுதியைத் துளையிட்டோ, உருக்கி ஒட்டியோ சிதைத்திருந்தால் அக்கூடமும் கைவிரிக்க நேரும்.

வகுப்பறையில்

தடித்த செப்புக் கம்பி ஒன்றை ஒரே இடத்தில் சிலமுறை வளைத்து நிமிர்த்துக. அவ்விடம் விறைத்து, மீண்டும் வளைய மறுக்கும். பின்பு அதைச் சிவக்கக் காய்ச்சி ஆற விடுக; மீண்டும் எளிதாய் வளையும். அடித்த உலோகம் அடியை நினைவில் வைத்திருப்பதும், பெருவெப்பம் அந்நினைவை அழிப்பதும் மாணவர்க்கு இதனால் விளங்கும். காய்ச்சும் பணியை ஆசிரியரே செய்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. எண் ஒவ்வாமை மட்டுமே குற்றத்திற்குச் சான்றாகாது. பழுதுற்ற எஞ்சினை நேர்மையாக மாற்றி, அதைப் பதிவேட்டில் குறித்தோரும் உளர். தளம், இலக்க வடிவம், நாள் வரிசை, பதிவேடு ஆகிய நான்கும் ஒருசேர உரைத்த பின்னரே முடிவு கூறுதல் தகும். திருட்டு வண்டி நழுவாமலும் குற்றமற்றவர் சிக்காமலும் காப்பது அந்தப் பொறுமையே.