நோயாளியின் பெயரால் சேரும் பணம்

நெடுந்தீவில் ஒருவருக்கு நெஞ்சு நோவு கண்டால் அவர் முதலிற் கடக்க வேண்டியது கடலையே. தீவிலுள்ள பிரதேச வைத்தியசாலையில் இயன்ற சிகிச்சையைப் பெற்று, குறிகட்டுவான் துறைவரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் அலையிற் புரண்டு, அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைத் தாம்போதி என்று தரைவழியே யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையை அடையும்வரை அவருடைய கதி காற்றையும் படகையும் கடற்படையினரின் உபகாரத்தையுமே சார்ந்திருக்கிறது. 2018ஆம் ஆண்டில் வடக்கே வந்துசேர்ந்த, 1990 என்ற அழைப்பிலக்கத்து நோயாளர் வண்டிச் சேவை எவ்வளவோ உயிர்களைக் காத்திருப்பினும், அந்த வண்டி இறங்குதுறையோடு நின்றுவிடும்.

அரசாங்க வைத்தியசாலையிற் கட்டிலுக்கும் சத்திரசிகிச்சைக்கும் பணம் அறவிடாத ஒரு நாட்டில் நாம் வாழ்கிறோம் என்பது மெய்யே; அது அற்பமான பேறன்று. ஆயினும், புற்றுநோய்க்காக மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு மீண்டும் மீண்டும் போய்வருகிற வழிச்செலவையும், துணைக்குச் செல்பவர் தங்கும் அறையின் வாடகையையும், கையிருப்பில் இல்லாத மருந்துக்காக எழுதித் தரப்படும் துண்டையும், தனியார் நிலையத்தில் எடுக்கச் சொல்லும் ஸ்கானையும், தொழிலுக்குப் போகாத நாட்களின் இழப்பையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால், வலை வீசி அன்றாடம் பிழைக்கிற ஒரு குடும்பம் ஆறு மாதத்துக்குள் நகையையும் படகையும் ஈடுவைக்க நேர்வதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், மருந்துத் தட்டுப்பாட்டினால் வைத்தியர்களே சமூக ஊடகங்களின் வாயிலாக மருந்துக்கு வேண்டுகோள் விடுத்ததை நாடு கண்டது. அத்தகைய நிலையில் ஊர்காவற்றுறையிலோ நயினாதீவிலோ உள்ள ஒரு வீட்டிலிருந்து நோயாளியின் படமும் வங்கிக் கணக்கிலக்கமும் முகநூலில் ஏறி, ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இலண்டனிலும் உள்ள ஊரவரின் வட்ஸ்அப் குழுக்களுக்கு ஒரே இரவில் போய்ச் சேர்வதை யாசகம் என்று இகழ்பவர் மனச்சாட்சியற்றவர் என்றே கொள்வேன்.

ஊர் கூடிப் பொருள் சேர்ப்பது நம்மவர்க்குப் புதியதுமன்று. பிடியரிசி சேர்த்துத் தருமம் வளர்த்த சமூகம் இது. புலம்பெயர்ந்த பின்னரும் தீவுக்குத் தீவு, வட்டாரத்துக்கு வட்டாரம் சங்கம் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் வாரி வழங்கியவர்கள் தீவகத்தார். 2011ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை பலர் கூடி நடந்து திரட்டிய பெரும்பணம் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலையாக எழுந்தது. அபேக்ஷா வைத்தியசாலைக்குப் பெற் ஸ்கான் இயந்திரம் வாங்குவதற்கென 2016ஆம் ஆண்டில் கதீஜா நிதியத்தின் எம். எஸ். எச். மொகமட் என்பவர் தொடக்கிய இயக்கம், சமூக ஊடகங்களின் வழியே பரவி, 20 கோடி ரூபாய் என்ற இலக்கைச் சில மாதங்களிலேயே எட்டியது. ஆனால் இவையெல்லாம் ஒரு நிலையத்துக்காக, பலர் கண் முன்னே, பொறுப்பாளர் இன்னார் என்று தெரியச் சேர்த்த பணம். தனியொரு நோயாளிக்காகச் சேரும் பணத்துக்கோ, கொடுப்பவர் ஒரு கண்டத்திலும், சேர்ப்பவர் மற்றொரு கண்டத்திலும், பெறவேண்டியவர் ஒரு தீவிலுமாக இருப்பதால், கேள்வி கேட்பார் எவருமின்றிப் போய்விடுகிறது. முன்னாளிற் பணம் சேர்க்கக் கொப்பியோடு படலைக்கு வந்தவரை மறுநாளும் சந்தையிற் காணலாம். அந்தச் சந்திப்பே ஒருவகைக் கணக்காய்வாக இருந்தது.

வேண்டுகோளைப் பதிவதற்கு முன் குடும்பத்தார் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு: இந்தச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்குமா, கிடைக்குமாயின் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதே அது. காத்திருக்க அஞ்சித் தனியார் வைத்தியசாலையை நாடுவது சில வேளைகளில் உயிர்காக்கும். சில வேளைகளில் வீண் செலவாகும். எது என்பதைச் சிகிச்சை அளிக்கும் வைத்திய நிபுணரிடமே கேட்டறிவது நோயாளியின் உரிமை. அவ்வாறு கேட்பதை மரியாதைக் குறைவென்று நம்மவரிற் பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு நியாயம் இல்லை. அடுத்து நாட வேண்டியது, 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட ஜனாதிபதி நிதியம். இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் முதலியவற்றுக்கு அது நிதியுதவி அளித்துவருகிறது. முன்பு கொழும்புக்கு எழுதி அலைய வேண்டியிருந்த இவ்விண்ணப்பத்தை, 2025ஆம் ஆண்டு முதல் பிரதேச செயலகத்திலேயே கொடுக்க வழிசெய்யப்பட்டுள்ளது. ஆகவே நெடுந்தீவார் நெடுந்தீவிலும், ஊர்காவற்றுறை, அனலைதீவு, எழுவைதீவு மக்கள் ஊர்காவற்றுறைச் செயலகத்திலும், புங்குடுதீவு, நயினாதீவு மக்கள் வேலணையிலும் விசாரிக்கலாம். சிகிச்சை முடிந்து பற்றுச்சீட்டோடு ஓடுவதிலும், வைத்தியர் நாள் குறித்தவுடனேயே கிராம சேவையாளரைக் கண்டு பத்திரங்களைத் தயார்செய்வது புத்தி. சமூக சேவை உத்தியோகத்தரும் அதே செயலகத்திற்றான் இருக்கிறார்; நோய்க்கால உதவி எதற்குக் குடும்பம் தகுதி பெறும் என்று அவரையும் கேட்டுவிடலாம். இவ்வளவுக்கும் மேலே குறைகிற தொகை எவ்வளவோ அதற்கே ஊராரின் உதவியைக் கேட்பதாக எழுதினால், வேண்டுகோளின் நம்பகம் பன்மடங்கு உயரும்.

இனி, படத்தைப் பற்றிய விஷயம். கிளினிக் கொப்பியின் பக்கங்களையும், தேசிய அடையாள அட்டையையும், சத்திரசிகிச்சைத் தழும்பையும், குழாய் பொருத்திய குழந்தையின் மேனியையும் அப்படியே படம்பிடித்து உலகமெங்கும் பரப்புவது இப்பொழுது வழக்கமாகிவிட்டது. எவ்வளவுக்கு எவ்வளவு பரிதாபமாகக் காட்டுகிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு பணம் வரும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். நோய் தீர்ந்த பின்னும் அந்தப் படம் தீராது. அந்தக் குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்போதும், பெண்ணுக்கு வரன் பேசும்போதும், யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசியில் அது கிடக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவருடைய உடல்நலத் தகவலை விசேடப் பாதுகாப்புக்குரிய வகையிற் சேர்த்திருப்பதிலிருந்தே, அந்த அந்தரங்கம் எத்துணைப் பெறுமதி உடையது என்பது விளங்கும். வைத்தியரின் கடிதத்தைக் காட்டத்தான் வேண்டும் என்றால், அடையாள அட்டை இலக்கத்தையும் முகவரியையும் மறைத்து, நோயின் பெயரும் வேண்டிய சிகிச்சையும் மதிப்பீட்டுத் தொகையும் திகதியும் மட்டும் தெரியக் காட்டினாற் போதும்.

தாமாகப் படமெடுத்துப் போடும் குடும்பத்தைக் காட்டிலும், ஒலிவாங்கியோடு வீட்டுக்குள் வருகிற இடைத்தரகரைக் குறித்தே நான் அதிகம் அஞ்சுகிறேன். வெளிநாட்டவரின் பணத்தை வறியோர்க்குக் கொண்டுசென்று கொடுப்பதைக் காணொளியாக்கி வெளியிட்டுவந்த யூடியூபர் ஒருவர், உதவி பெற வந்த பெண்பிள்ளையையும் குடும்பத்தையும் இழிவாகப் பேசினார் என்ற குற்றச்சாட்டின்பேரில், 2025 மார்ச்சு மாதத்தில் யாழ்ப்பாணத்திற் கைதாகி, மல்லாகம் நீதவானின் கட்டளைப்படி விளக்கமறியலில் வைக்கப்பட்டார். குற்றம் உண்டா இல்லையா என்பது நீதிமன்றத்துக்கு உரியது. ஆனால், உதவி என்ற பெயரால் ஒருவரை அவருடைய முற்றத்திலேயே கூனிக்குறுக வைக்கும் காணொளிகளைப் பல்லாயிரவர் பார்த்து, அதற்கு விளம்பர வருமானமும் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பது நம் எல்லோருக்கும் உரிய சங்கதி. உதவி பெறுகிறவர் படம்பிடிக்கப்பட்டே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முகத்தைக் காட்ட மாட்டேன், வங்கிக்கு நேரே அனுப்புங்கள் என்று சொல்லுகிற உரிமை நோயாளிக்கு எப்பொழுதும் உண்டு. கொடுத்த சம்மதத்தைப் பின்னர் மீட்டுக்கொண்டு, காணொளியை அகற்றும்படி கேட்கவும் அவர் தயங்க வேண்டியதில்லை.

பணம் யாருடைய கணக்கில் விழுகிறது என்பதுதான் பெரும்பாலான பிணக்குகளின் பிறப்பிடம். கோஃபண்ட்மீ போன்ற இணைய நிதிதிரட்டுத் தளம் கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து முதலிய குறித்த சில நாடுகளின் வங்கிக் கணக்குகளுக்கே பணம் அனுப்புகிறது. இலங்கை அந்த வரிசையில் இல்லை. ஆகையால் நயினாதீவு நோயாளிக்காக அங்கே சேரும் ஒவ்வொரு டொலரும் முதலில் அந்நாட்டிலுள்ள உறவினர் அல்லது நண்பர் ஒருவருடைய கையில் இறங்கி, அவருடைய நேர்மை அனுமதிக்கும் அளவுக்கே கடல் கடந்து வரும். தளத்தின் கட்டணம், நாணய மாற்று, அனுப்புக் கூலி ஆகியவையும் இடையிற் கழியும். சேர்த்துக் கொடுப்பவர் தம்மை உபகாரி என்று நினைக்கலாம். எனினும், நியாயத்தின் கண்ணில் அவர் வகிப்பது அறங்காவலரின் ஸ்தானம். 1917ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு இந்நாட்டில் வழங்கிவரும் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் அடிப்படைத் தத்துவம், ஒருவருக்காக ஒப்படைத்த பொருளை வைத்திருப்பவர் அதைத் தம்முடையதாகக் கொள்ளலாகாது, கணக்குக் காட்டவும் கடமைப்பட்டவர் என்பதே. அப்பணத்தை நேர்மையின்றித் தமக்காக்கிக் கொள்வது தண்டனைச் சட்டக்கோவையின் 388ஆம் பிரிவு வகுக்கும் நம்பிக்கை மோசடியாகும். இல்லாத நோயைச் சொல்லிப் பணம் பெறுவது 398ஆம் பிரிவு கூறும் வஞ்சித்தலாகும்.

ஆகவே நோயாளியின் பெயரில், அல்லது அவரும் நெருங்கிய உறவினர் ஒருவரும் கூட்டாகக் கையொப்பமிடும் வகையில், தனிக் கணக்கொன்று திறப்பதே உத்தமம். வந்த தொகையையும் செலவையும் இடைக்கிடை, கொடுத்தவர் பார்க்கும் இடத்திலேயே பிரசுரிக்க வேண்டும். வைத்தியசாலைக்கு நேரே செலுத்தக்கூடியதை நேரே செலுத்திவிட்டால் இன்னும் விசேஷம். விரைவாகப் போகிறது என்பதற்காக வங்கிக்குப் புறம்பான உண்டியல் வழியே அனுப்பும் பழக்கத்தையும் இவ்விடயத்திலாவது விட்டொழிக்க வேண்டும். பின்னாளில் ஒரு சர்ச்சை எழுந்தால், அனுப்பினேன் என்பதற்கும் வந்தது என்பதற்கும் அங்கே சாட்சி இராது.

வஞ்சகத்தின் வழிகள் பல. உண்மையான வேண்டுகோளைப் படத்தோடு அப்படியே பிரதிசெய்து கணக்கிலக்கத்தை மட்டும் மாற்றிவிடுவது மிகச் சுலபமானது; அதனாற்றான் பணம் போடுமுன் கணக்குக்குரியவரின் பெயரும் நோயாளியின் பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். நோயையே கற்பிப்பவரும் உளர்: இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண், தமக்குச் சூலகப் புற்றுநோய் என்று சொல்லிக் கோஃபண்ட்மீயில் 50,000 பவுணுக்கு மேற் சேர்த்துச் சூதாட்டத்திற் செலவிட்ட குற்றத்துக்காக 2021ஆம் ஆண்டிற் சிறை சென்றார். தீவகத்து நோயாளி ஒருவரைப் பற்றி அறிய வேண்டுமாயின், தூர தேசத்தவருக்கும் ஒரு நல்ல வழி உண்டு. அந்த ஊர்ப் பாடசாலை அதிபரையோ கோயில் தருமகர்த்தாவையோ பங்குத் தந்தையையோ தெரிந்த ஒருவர் அவருடைய சங்கத்தில் எப்படியும் இருப்பார். ஒரு தொலைபேசி அழைப்பு நோயாளியின் மனத்தைப் புண்படுத்தாது, பண்போடு கேட்டால். மற்றொன்றையும் இவ்விடத்திற் சொல்லிவிடுகிறேன்: பணம் தருகிறோம், சிறுநீரகம் வேண்டும் என்று எழுதும் பதிவுகளைப் பகிரவே கூடாது; மனித உறுப்பை விற்பதையும் வாங்குவதையும் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்திருக்கிறது.

ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டு மௌனமாக இருப்பதே திருடனுக்குப் பெரிய அனுகூலம். பணம் போன வங்கிக்கு அந்நாளிலேயே அறிவித்து, பதிவின் படப்பிரதியையும் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்தி, அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைக் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். போலிப் பக்கம், களவாடிய கணக்கு முதலிய இணையக் குற்றங்களுக்கு இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். தீவகத்து வழக்குகளுக்கு ஊர்காவற்றுறையிலேயே நீதவான் நீதிமன்றம் உண்டு. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியற்றவர் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். குற்றம் என்று சொல்ல முடியாத கணக்குப் பிணக்கு, அதாவது உறவினருக்குள் தொகையைப் பற்றிய வாக்குவாதம், மத்தியஸ்த சபைக்கே போகத்தக்கது. பொலிஸுக்குப் போனால் உறவும் போகும். கோஃபண்ட்மீயிற் கொடுத்தவர் ஓராண்டுக்குள் மோசடியைக் காட்டிப் பணத்தை மீளக் கேட்கலாம். தனிமனிதருக்குக் கொடுக்கும் இத்தகைய பணத்துக்கு வெளிநாடுகளில் வரிச்சலுகை எதிர்பார்க்க வேண்டாம். பதிவுபெற்ற தருமதாபனத்துக்குக் கொடுப்பது வேறு வகை.

எல்லாம் ஒழுங்காய் நடந்தும் கடைசியில் ஒரு தருமசங்கடம் வருவதுண்டு: பணம் மிஞ்சுவது, அல்லது பணம் முழுவதும் சேருமுன் நோயாளி இறந்துவிடுவது. கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்து மாட்டூல் என்னும் ஊரில், முதுகுத்தண்டுத் தசைநலிவு நோயுற்ற ஒரு சிறுவனுக்காக 2021ஆம் ஆண்டில் 18 கோடி ரூபாய் கேட்க, ஊரார் நிறுவிய குழுவின் கணக்கில் 46 கோடிக்கு மேல் வந்து விழுந்தது. ஒரு குழு இருந்தபடியினால், மிகுதியை அதே நோயுற்ற பிற குழந்தைகளுக்கு வழங்குவதென்று வெளிப்படையாகத் தீர்மானிக்க முடிந்தது. தனியொருவர் கணக்கில் அது நேர்ந்திருந்தால், எத்துணை நல்லவராயினும் அவர் பட்டிருக்கக்கூடிய அவப்பெயரை நினைத்துப் பாருங்கள். நம்முடைய ஊர்களில் நோயாளி இறந்தபின் மிகுதிப்பணம் செத்தவீட்டுச் செலவுக்குப் போவதா, பிள்ளைகளின் படிப்புக்குப் போவதா, மற்றொரு நோயாளிக்குப் போவதா என்பதை அழுகைக்கு நடுவே பேச வேண்டிவந்து, அண்ணன் தம்பி முகம்பாராமற் போன வீடுகள் உண்டு. வேண்டுகோளை எழுதும் அன்றைக்கே, “தேவைக்கு மேல் வருவதும், எதிர்பாராதது நேர்ந்தால் எஞ்சுவதும் இன்னதற்குப் பயன்படும்” என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், கொடுப்பவரும் அறிந்தே கொடுப்பார். அந்த வரியை எழுதும்போது, பேச முடிந்தால் நோயாளியையே கேட்டு எழுத வேண்டும், ஏனெனில் பணம் அவருடையது.