எண்ணோடு பழகுவோம் – 17: அரையைப் போட்டுப் பார்த்தீர்களா?

அரூரிலும் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் நூலக மேசைகளில் குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காகவே இந்த வாரம்.

200 கேள்விகள், 3 மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 நொடி. அதில் 25 கேள்விகள் திறனறிவு. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண். சூத்திரம் மறந்துபோனால், எண்ணைப் போட்டுப் பார்த்து விடை காண்பது நல்ல வழிதான். ஆனால் பெரும்பாலோர் போடுவது 2. அங்கேதான் வழுக்குகிறது.

இரண்டோடு இரண்டைக் கூட்டினாலும் 4, பெருக்கினாலும் 4, வர்க்கப்படுத்தினாலும் 4. மூன்று விடைகள் ஒரே முகத்தோடு நிற்கும்போது எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? கோவையைக் கண்டுபிடிக்கும் கேள்வி என்றால் 3, 5 போன்ற எண்களைப் போடுங்கள். சதவீதக் கேள்விக்கு 100. விலையை 20% ஏற்றி, பிறகு 20% குறைத்தால் 100 ரூபாய் 120 ஆகி, 96-இல் வந்து நிற்கும். 4% நட்டம், முடிந்தது.

'எப்போதும் சரியா?' என்று கேட்டால்தான் ஆட்டமே மாறும். 'ஓர் எண்ணின் வர்க்கம் அந்த எண்ணைவிடக் குறையாது' என்ற கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 3 போட்டால் 9, சரி. 1-உம் 0-உம் அப்படியே நிற்கும், குறையவில்லை. -3 போட்டாலும் 9. அரையைப் போடுங்கள்: கால் வருகிறது! கூற்று விழுந்தது. ஆனால் கேள்வியில் 'இயல் எண்' என்றோ 'முழு எண்' என்றோ இருந்தால் அரைக்கு அங்கே இடமில்லை; கூற்று சரியாகிவிடும். மதிப்பெண் போவது கணக்குத் தெரியாமல் அல்ல, அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் படித்துவிடுவதால்தான். முதலில் எண்ணின் வகையைப் பாருங்கள். பிறகு அந்த வகைக்குள் 0, 1, குறை எண், 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட பின்னம் என்று சோதியுங்கள். பகா எண் கேள்வியில் மட்டும் 2-ஐ விடவே கூடாது: இரு பகா எண்களின் கூடுதல் இரட்டைப்படை என்பதை 2+3 உடைத்துவிடும்.

சோதனை ஒரு கூற்றைப் பொய் என்று காட்டும். மெய் என்று நிறுவாது. ஆய்லரின் புகழ்பெற்ற கோவை ஒன்று உண்டு. எண்ணின் வர்க்கத்திலிருந்து அதே எண்ணைக் கழித்து, 41-ஐக் கூட்டுங்கள். 1 முதல் 40 வரை எதைப் போட்டாலும் பகா எண்தான் வரும். 41-ஐப் போட்டால் 1681. அது 41-இன் வர்க்கம்! நாற்பது முறை பொருந்தியும் நிரூபணம் ஆகவில்லை. தேர்வில் நமக்கு அந்தக் கவலை குறைவு. மற்ற விடைகளை உடைத்துவிட்டால் மிஞ்சுவதே விடை.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பயிற்சி இலவசம். போகாதவர்கள் போய்ச் சேருங்கள். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, 25 கணக்குகளிலும் எண்ணின் வகையைச் சொல்லும் சொல்லுக்கு அடிக்கோடிட்டுவிட்டு, அப்புறம் பேனாவை ஓட்டுங்கள்.