செரெங்கெட்டிக்கு எந்த மாதம் போவது?

ஆப்பிரிக்க சஃபாரிக்குப் போக நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது எந்த நாடு, எத்தனை பூங்கா, தலைக்கு எவ்வளவு என்பதைத்தான். அதற்கேற்ற விடையைப் பயண நிறுவனங்களும் தயாராக வைத்திருக்கின்றன: ஏழு நாளில் நான்கைந்து பூங்காக்கள், கூடவே சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்ற ‘பிக் ஃபைவ்’ பட்டியல். துப்பாக்கியோடு நடந்து போன வேட்டைக்காரர்கள், தங்கள் உயிருக்கு அதிக ஆபத்தானவை என்று கருதிய விலங்குகளின் பட்டியல் அது. கேமராவோடு போகிறவர் அதைத் தன் இலக்காக்கிக்கொள்ளக் காரணம் எதுவும் இல்லை. சிவிங்கிப்புலிக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் அதில் இடமே கிடையாது. அதைவிடப் பெரிய குறை, இந்தத் திட்டங்கள் மழையைக் கணக்கில் எடுப்பதில்லை. கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளியில் எந்தக் கூட்டம் எந்த வாரம் எங்கே மேயும் என்பதை மழைதான் முடிவு செய்கிறது. ஆகவே மாதத்தை முதலில் தீர்மானிக்க வேண்டும். அந்த மாதத்தில் மழையும் புல்லும் எங்கே என்று பார்த்து, அந்த ஓர் இடத்தில் முடிந்தவரை கூடுதல் நாட்கள் தங்க வேண்டும். தான்சானியாவின் செரெங்கெட்டியையும், அதன் வடக்கு எல்லையை ஒட்டிக் கென்யாவில் இருக்கும் மாசாய் மாரா காப்பகத்தையும் வைத்து இதை விளக்கலாம்.

செரெங்கெட்டி தேசியப் பூங்கா 14,763 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. அதிலும் அதைச் சூழ்ந்த நிலப்பரப்பிலும் சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட்டுகளும் ஏறத்தாழ 2 லட்சம் வரிக்குதிரைகளும் ஆண்டு முழுவதும் நடந்துகொண்டே இருக்கின்றன. வில்டபீஸ்ட் என்பது மாட்டு முகமும் தாடியும் ஒல்லிக் கால்களும் கொண்ட பெரிய மான் இனம். இந்த நடைக்கான காரணம் தெற்கே இருக்கும் மண்ணில் இருக்கிறது. இன்றும் உயிரோடு இருக்கும் ஓல் டொய்ன்யோ லெங்காய் முதலிய எரிமலைகள் கக்கிய சாம்பல் தெற்குச் சமவெளியில் படிந்து, அடியில் கல் போல் இறுகிய அடுக்காகிவிட்டது. மரத்தின் வேர் அதைத் துளைத்து இறங்க முடியாது. குட்டைப் புல்தான் வளரும். ஆனால் அந்தப் புல்லில் கால்சியமும் பாஸ்பரசும் மிகுதி. சினையாக இருக்கும் மாட்டுக்கும் பால் கொடுக்கும் மாட்டுக்கும் என்ன தேவையோ, அதுவே வில்டபீஸ்ட்டுக்கும் தேவை. நவம்பர், டிசம்பரில் சிறு மழை பெய்து அந்தப் புல் தளிர்த்ததும் கூட்டம் தெற்கே வந்து சேர்கிறது. ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை டூட்டு ஏரியைச் சுற்றிய வெளியில் கன்றுகள் பிறக்கின்றன. பெரும்பாலானவை இரண்டு மூன்று வாரங்களுக்குள்ளேயே பிறந்துவிடும். சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவு தின்றாலும் அத்தனை கன்றுகளையும் ஒரே நேரத்தில் தின்று தீர்க்க முடியாது. கன்று பிறந்த சில நிமிடங்களில் எழுந்து நிற்கிறது. சீக்கிரமே தாயோடு ஓடவும் தொடங்கிவிடுகிறது.

தெற்குச் சமவெளியில் நிலையான நல்ல தண்ணீர் இல்லை. மார்ச் முதல் மே வரை பெய்யும் பெருமழை ஓய்ந்ததும் புல் காய்கிறது, குட்டைகள் வற்றுகின்றன. கூட்டம் மேற்கே திரும்பி, பிறகு வடக்கே மாரா ஆற்றை நோக்கிப் போகிறது. அந்த வட்டாரத்தில் வறண்ட காலத்திலும் ஓடும் ஆறு அது ஒன்றுதான். ஜூலை முதல் அக்டோபர் வரை கூட்டம் ஆற்றின் இரு கரையிலும் மாறி மாறி மேய்ந்து, அடுத்த சிறு மழை தொடங்கியதும் தெற்கே இறங்குகிறது. தண்ணீர் நிறைந்த வடக்கிலேயே இருந்துவிடாமல் ஏன் திரும்புகிறது என்றால், தெற்கின் புல்லில் உள்ள சத்து வடக்கில் இல்லை.

இந்தக் கூட்டம் எப்போதும் இவ்வளவு பெரிதாக இருந்ததும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கால்நடைகளோடு ஆப்பிரிக்காவுக்கு வந்த ரிண்டர்பெஸ்ட் என்னும் மாட்டுக் கொள்ளைநோய், மாசாய் மக்களின் மாடுகளையும் வில்டபீஸ்ட்டையும் எருமையையும் சேர்த்தே கொன்றது. பின்னர் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் காட்டிலும் நோய் அடங்கியது. 1960-களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட்டுகள் 1970-களின் பிற்பகுதிக்குள் 13 லட்சமாயின. அதற்கு மேல் ஏறவில்லை. வறண்ட காலத்தில் கிடைக்கும் புல்லின் அளவு அங்கே வரம்பு கட்டிவிடுகிறது. சிங்கங்கள்கூடக் கூட்டத்தின் அளவை அவ்வளவாக மாற்றுவதில்லை. மழையை அறியாமல் இந்த நிலத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பயணியின் கணக்குக்கு வருவோம். உலகம் முழுவதும் விளம்பரமாகும் படம், முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றில் வில்டபீஸ்ட்டுகள் பாய்வது. அதற்காகவே ஜூலையும் ஆகஸ்டும் நிரம்பி வழிகின்றன. அது பெரிய காட்சிதான். ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட்டுகள் அந்த ஆற்றில் மூழ்கி இறப்பதாக 2017-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த உடல்கள் மீன், முதலை, கழுகு எல்லாவற்றுக்கும் இரையாகின்றன. எஞ்சும் எலும்புகள் கரைந்து ஆண்டுக்கணக்கில் ஆற்றுக்குப் பாஸ்பரஸ் தருகின்றன. ஆனால் கூட்டம் எந்த நாளில், எந்தத் துறையில் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கரையில் மணிக்கணக்கில் நின்றுவிட்டுத் திரும்பிப் போகவும் கூடும். அதைப் பார்க்க டஜன் கணக்கில் வண்டிகள் வரிசை கட்டுவதால், இறங்கும் வழியே அடைபட்டு விலங்குகள் மிரள்வதும் நடக்கிறது. மாசாய் மாராவில் வெளிநாட்டவருக்கான ஒரு நாள் நுழைவுக் கட்டணம் 2024-இல் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர் என்று மாற்றப்பட்டது. முன்பதிவுக்கு முன் நடப்புக் கட்டணத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. இரு மடங்கு கட்டணம் கொடுத்து, நெரிசலில் நின்று, ஒரே நாளில் ஆற்றுக் காட்சியைப் பிடித்துவிட நினைப்பதைவிட, பிப்ரவரியில் டூட்டுவில் நான்கு நாள் தங்குவது எனக்கு மேலான யோசனையாகப் படுகிறது. புல் குட்டையாக இருப்பதால் கண்ணுக்கு மறைவில்லை. கன்றுகளைத் தேடி சிவிங்கிப்புலிகள் பகலிலேயே வேட்டையாடுகின்றன; தினமும் பார்ப்பதற்கு ஏதாவது உண்டு.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பள்ளிக் கோடை விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. அங்கே அது பெருமழைக் காலம். மண் பாதைகள் சேறாகின்றன, பல இடங்களில் புல் உயரமாக வளர்ந்து விலங்குகளை மறைக்கிறது, சில கேம்ப்கள் மூடிவிடுகின்றன. கட்டணம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அப்போது முதல் சஃபாரி போக வேண்டாம். மே மாதத்தை விட்டால் வேறு வழியில்லை என்பவர்கள் தெற்கு ஆப்பிரிக்காவைப் பார்க்கலாம். அங்கே கணக்கு மாறிவிடுகிறது: தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் மே முதல் செப்டம்பர் வரை வறண்ட குளிர்காலம், இலை உதிர்ந்து, குட்டைகள் சுருங்கி, விலங்குகள் நீர்நிலைக்குத் தாமே வருகின்றன. வாடகைக் காரை நாமே ஓட்டிக்கொண்டும் அங்கே சுற்றலாம், செலவும் குறையும். செரெங்கெட்டிதான் வேண்டும் என்றால், செப்டம்பர் இறுதியில் வரும் காலாண்டுத் தேர்வு விடுமுறை பொருத்தமானது. அப்போது வடக்கு செரெங்கெட்டியிலும் மாராவிலும் கூட்டம் இருக்கும். ஆகஸ்டின் நெரிசலும் சற்றுத் தணிந்திருக்கும்.

வாழ்நாளில் ஒருமுறை போகிறோம், முடிந்ததையெல்லாம் பார்த்துவிட வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஆசையே பார்ப்பதைக் குறைத்துவிடுகிறது. நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலையில் ஐந்து ஆறு மணி நேரம். அருஷாவிலிருந்து நடு செரெங்கெட்டியான செரொனெராவுக்குப் போவதற்கே ஒரு பகல் முழுக்கப் போய்விடும். வரைபடத்தில் மாராவும் செரெங்கெட்டியும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் நடுவே சுற்றுலாப் பயணிகள் கடக்க நேர்வழி இல்லை. 1977-இல் தான்சானியா எல்லையை மூடியதிலிருந்து அந்தப் பாதை பயணிகளுக்குத் திறக்கப்படவில்லை. மேற்கே இசெபானியா எல்லைச் சாவடி வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். விலங்குகள் சுறுசுறுப்பாக இருப்பது விடியற்காலையும் மாலையும்; நடுப்பகலில் சிங்கம் நிழலில் கிடந்து உறங்கும். பூங்கா மாறும் ஒவ்வொரு நாளும் அந்த அருமையான நேரங்களில் ஒன்றையாவது நெடுஞ்சாலையில் இழக்கிறோம். ஐந்து பூங்காப் பயணத்தில் பூங்கா ஐந்து, முழுமையான காலைப் பொழுது இரண்டு மூன்றுதான். காண்டாமிருகத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு சொல்வேன்: செரெங்கெட்டிக்குப் போகும் வழியிலேயே இருக்கும் ங்கோரொங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் ஒரு நாளைச் செலவிடலாம். சுமார் 260 சதுர கிலோமீட்டர் அடித்தளத்தைச் சுற்றி 600 மீட்டர் உயரச் சுவர் நிற்கும் அந்த இடத்தில் கருப்புக் காண்டாமிருகம் கண்ணில் பட நல்ல வாய்ப்பு உண்டு.

மழையே முறை தவறிவிட்ட காலத்தில் மழைக் கணக்கை எப்படி நம்புவது என்றும் கேட்கலாம். உண்மைதான். 2020 முதல் 2022 வரை அடுத்தடுத்த ஐந்து பருவங்கள் பொய்த்துக் கென்யா கடும் வறட்சியில் தவித்தது. 2024 மே மாதத் தொடக்கத்தில் வெள்ளம் மாராவின் கேம்ப்களில் புகுந்து, பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியதாயிற்று. மாரா ஆறு பிறக்கும் மாவ் மலைக்காடு வெட்டப்பட்டதும் ஆற்றின் ஓட்டத்தைப் பாதித்திருக்கிறது. ஆகவே எந்த மாதத்துக்கும் உத்தரவாதம் கிடையாது; பொதுப்போக்கு மட்டும்தான் உண்டு. அந்தக் காரணத்துக்காகவே ஒரே இடத்தில் கூடுதல் நாள் தங்கச் சொல்கிறேன். மழை ஒரு வாரம் தள்ளிப்போனால் ஒரு நாள் மட்டும் வந்தவருக்குக் காலி வெளிதான் மிஞ்சும். நான்கு நாள் இருப்பவருக்கு ஓட்டுநரோடு பேசிக் கூட்டம் இருக்கும் திசைக்குப் போய்வர நேரம் இருக்கும். தவிர, இடம்பெயரும் கூட்டம் போன பிறகும் சிங்கக் குடும்பங்கள் தங்கள் எல்லையை விட்டுப் போவதில்லை. செரொனெராவின் ஆற்றோர மரங்களில் சிறுத்தையை ஆண்டு முழுவதும் தேடலாம்.

செலவு பற்றிய அச்சமும் இந்த யோசனைக்கு எதிராக நிற்பதில்லை. சஃபாரிச் செலவில் வண்டிக்கும் எரிபொருளுக்கும் உள்ளூர் விமானத்துக்கும் பெரும் பங்கு போகிறது. இடம் மாறுவதைக் குறைத்தால் அது மிச்சம். அந்தப் பணத்தில் மாராவை ஒட்டிய கன்சர்வன்சிகளில் தங்குவதைப் பற்றி யோசிக்கலாம். மாரா நார்த், நபோய்ஷோ, ஒலாரே மொடோரொகி போன்ற இவை மாசாய் குடும்பங்களின் சொந்த நிலங்கள். வேலி போடாமல், துண்டு துண்டாக விற்காமல் விலங்குகளுக்குத் திறந்து வைத்திருப்பதற்காக, கேம்ப் நடத்துபவர்கள் அவர்களுக்குக் குத்தகை கொடுக்கிறார்கள். படுக்கைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு விலங்கைச் சுற்றி நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு உண்டு. முக்கியக் காப்பகத்தில் அனுமதியில்லாத இரவுப் பயணமும் நடைப் பயணமும் இங்கே உண்டு. அறை வாடகை கூடுதல்தான். ஆனால் வேலி எழுந்தால் கூட்டத்தின் பாதை அறுந்துவிடும். அந்த நிலத்தின் சொந்தக்காரருக்கு வருமானம் போய்ச் சேர்வது, பார்க்க வந்த காட்சி தொடர்வதற்கே நிபந்தனை. யாரிடம் முன்பதிவு செய்தாலும், நிலம் யாருடையது, குத்தகை யாருக்குப் போகிறது என்று கேட்பதில் தயங்க வேண்டாம்.

மீதி ஏற்பாடுகள் எளிது, நாள் கணக்குத் தவறாமல் செய்தால் போதும். கென்யா போய் இந்தியா திரும்புபவரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். கென்யா வழியாகத் தான்சானியாவுக்குள் நுழையவும் அந்தச் சான்று வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். பிறகு ஆயுள் முழுவதும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரைக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கென்யாவுக்கு 2024 முதல் விசாவுக்குப் பதில் இணையவழி முன்அனுமதி. தான்சானியாவுக்கு விசா தேவை. இரு நாடுகளிலும் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால், பெட்டிக்குள் கேரி பேக்கில் எதையும் சுற்றி வைக்கக் கூடாது. நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் போவதென்றால் கேமராவையும் சேர்த்து 15 கிலோவுக்குள், சக்கரமில்லாத துணிப் பையில் எல்லாம் அடங்க வேண்டும்.