பவுச்சா, பையா? பூனைத் தட்டின் கணக்கு

பூனைக்கு வெட் ஃபுட் நல்லதா, டிரை ஃபுட் நல்லதா என்று யாராவது கேட்டால், அது ஆணா பெண்ணா என்று நான் திருப்பிக் கேட்பேன். ஆண் பூனை என்றால் ஈரத் தீனியின் பக்கம்தான் சாய்வேன். காரணம், அதன் சிறுநீர்க் குழாய்.

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை, வறண்ட நிலத்துப் பிராணி. தனக்கு வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதியைத் தின்ற இரையிலிருந்தே எடுத்துக்கொண்டது. எலியின் உடலில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர்தான். நம் சோபாவில் படுத்திருக்கும் வாரிசுக்கும் அந்த உடலமைப்புதான்: தாகம் குறைவு, சிறுநீர் அடர்த்தி. பவுச்சிலும் டின்னிலும் வரும் ஈரத் தீனியில் 75 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர் இருக்கும். பையில் வரும் உலர் தீனியில் 10 சதவீதத்தை ஒட்டி, பெரும்பாலும் அதற்கும் கீழே. உலர் தீனி தின்னும் பூனை கிண்ணத்தில் கூடுதலாகக் குடிக்கத்தான் செய்யும். ஆனாலும் ஈரத் தீனி தின்னும் பூனைக்குக் கிடைக்கும் மொத்தத் தண்ணீரை அது பெரும்பாலும் எட்டுவதில்லை. சிறுநீர் அடர்ந்தால் அதிலுள்ள உப்புகள் படிகமாகும். ஆண் பூனையின் குழாய் நீளம், குறுகல், எளிதில் அடைத்துக்கொள்ளும். லிட்டர் பெட்டியில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சொட்டுகூட வராத ஆண் பூனையை உடனே மருத்துவரிடம் தூக்கிப்போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் உயிர் போகும்.

இவ்வளவு சொன்ன பிறகும் உலர் தீனியை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒரே அளவு கலோரிக்கு ஈரத் தீனியின் விலை பல மடங்கு. உலர் தீனி தட்டில் கிடந்தாலும் சீக்கிரம் கெடாது, காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அது பல்லைச் சுத்தம் செய்யும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். சாதாரண உருண்டை பல் பட்டதும் நொறுங்கிவிடும், பாதியைப் பூனை மெல்லாமலே விழுங்கிவிடும். பல்லுக்கென்றே தயாராகும் தீனி தனி வகை.

லேபிளைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பவுச்சில் புரதம் 10 சதவீதம் என்றும் பையில் 32 சதவீதம் என்றும் போட்டிருந்தால் பைதான் சத்துள்ளது என்று தோன்றும். தண்ணீரைக் கழித்துப் பாருங்கள். பவுச்சில் 80 சதவீதம் தண்ணீர் போக மிச்சம் 20. அதில் 10 புரதம் என்றால் பாதிக்குப் பாதி. பையில் 8 சதவீதம் ஈரம் போக மிச்சம் 92. அதில் 32 என்றால் சுமார் 35 சதவீதம்தான்.

புரத எண்ணைவிட முக்கியமானது, அது முழுமையான உணவா என்பது. சிறு குழாய்களில் வரும் கிரீம் வகைகளும், வெறும் மீன் துண்டும் சாறுமாக வரும் சில டின்களும் துணைத் தீனி மட்டுமே. லேபிளில் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். அதையே தினமும் சாப்பாடாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு டாரின் ஒரு பாடம். இறைச்சியில் உள்ள இந்தச் சத்தைப் பூனையின் உடல் தேவையான அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. 1987இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியானும் சக ஆய்வாளர்களும், இதயம் வீங்கித் தளர்ந்த பூனைகளின் ரத்தத்தில் டாரின் குறைந்திருப்பதைக் கண்டார்கள். டாரின் கொடுத்ததும் இதயம் தேறியது. அந்தப் பூனைகள் தின்றது கடையில் விற்ற தீனிதான் என்பது கம்பெனிகளை உலுக்கியது, அதன் பிறகு தீனியில் டாரின் அளவைக் கூட்டினார்கள். நம் வீடுகளின் மீன் சோற்றுக்கும் இது பொருந்தும். மீனை வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் டாரினில் ஒரு பகுதி அதோடு போய்விடும். முள்ளை எடுத்துவிட்டால் கால்சியமும் போதாது. வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு பூனைக்கு விஷம். ஆசைக்கு ஒரு துண்டு வெந்த மீன் போதும்.

இனி, கலப்பது எப்படி? கிண்ணத்தின் அளவை விட்டுவிட்டு கலோரியைப் பாருங்கள். கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும் 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கலோரி போதும். 85 கிராம் பவுச் ஒன்றில் 75 கலோரி என்று வைத்துக்கொள்வோம். காலை ஒன்று, இரவு ஒன்று கொடுத்தால் 150. மிச்சம் 50 கலோரிக்கு உலர் தீனி 13, 14 கிராம்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு பவுச்தான் கட்டுப்படியாகும் என்றால் உலர் தீனி 34 கிராம் வரை போகலாம். உண்மையான கலோரி பையிலும் பவுச்சிலும் அச்சிட்டிருக்கும், பிராண்டுக்கு பிராண்ட் மாறும். உலர் தீனியைத் தராசில் நிறுத்துக் கொடுங்கள், கரண்டிக் கணக்கு ஏமாற்றும். பவுச் சேர்த்த பிறகும் தட்டு நிறைய உலர் தீனி வைப்பதால்தான் பல வீட்டுப் பூனைகள் குண்டாகின்றன. தண்ணீர்க் கணக்கும் இதிலேயே இருக்கிறது: இரண்டு பவுச்சில் 130 மில்லிக்கு மேல், அந்தப் பூனைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய 200 மில்லியில் பாதிக்கும் அதிகம்.

நம் ஊர் வெயிலில் ஈரத் தீனியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். பிரித்த டின் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். கொடுக்கும்போது வெதுவெதுப்பாக்கினால் மணம் எழும், பூனை மணத்தை வைத்துத்தான் தின்னலாமா என்று முடிவு செய்கிறது. உலர் தீனியை அதன் பையோடு இறுக்கமான டப்பாவில் போட்டு மூடுங்கள். மழைக்காலத்தில் நமுத்துப் பூசணம் பிடிக்கும், மேல்பூச்சுக் கொழுப்பு காறும். மலிவு என்று பெரிய மூட்டை வாங்குவது ஒற்றைப் பூனை வீட்டுக்குச் சரிப்படாது.

புதுத் தீனியைப் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மாற்றுங்கள். குட்டியிலிருந்தே இரண்டையும் பழக்கினால் பிற்பாடு முரண்டு பிடிப்பது குறையும். உலர் தீனியிலேயே வளர்ந்த பூனை கிரேவியை மோந்துவிட்டு, தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டிவிட்டுப் போகும். பசித்தால் தானே தின்னும் என்று பட்டினி போடுவது மட்டும் கூடாது. இரண்டு மூன்று நாள் தின்னாத பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, உடல் கொழுப்பு கரைந்து ஈரலில் படிந்து ஈரல் செயலிழக்கலாம். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை என்றால் பழைய தீனியையே வையுங்கள். அதையும் தொடாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.