பெரியதில் இரண்டு வகை, சிறியதில் இரண்டு வகை

கல்லூரி வாசல் – 9

எந்தப் பாடப்பிரிவு என்ற கேள்வியைச் சென்ற வாரத்தோடு முடித்தோம். இந்த வாரம், எந்த அளவுக் கல்லூரி என்பது. உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு இ.சி.இ. என்று முடிவாகிவிட்டதாம். கட்-ஆஃப்படி இரண்டு இடங்கள் கைக்கு எட்டுகின்றன. ஒன்று, ஆயிரக்கணக்கானோர் படிக்கும் கோவைத் தன்னாட்சிக் கல்லூரி. இன்னொன்று, வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய, மொத்தமே ஐந்து துறைகள் உள்ள கல்லூரி. அப்பா பெரியது என்கிறார், பாட்டி பக்கத்தில் இருப்பது என்கிறார். “‘நீ சொல்லு கண்ணு’ என்றால், ‘நீங்களே சொல்லுங்கம்மா’ என்கிறாள். எப்படித்தான் முடிவு செய்வது?”

முதலில் ஒரு கவலையைக் கழித்துவிடலாம். தன்னாட்சி பெறாத இணைப்புக் கல்லூரி எதுவானாலும் பாடத்திட்டம் அண்ணா பல்கலைக்கழகத்தினுடையது. ஒரே வினாத்தாள், ஒரே நாளில் தேர்வு. தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே நடத்திக்கொண்டாலும், பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம்தான். ஆகவே சின்னக் கல்லூரியில் படித்தால் பட்டத்துக்கு மதிப்பில்லை என்ற பேச்சை ஒதுக்கிவிடுங்கள். வித்தியாசம் சான்றிதழில் இல்லை, நான்கு வருடப் படிப்பில் இருக்கிறது.

இன்னொன்று. அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகத்துக்குச் சொல்லும் முதல் சிறப்பு, உள்ளே போனபின் பாடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பது. இங்கே கலந்தாய்வின் சாய்ஸ் ஃபில்லிங்கிலேயே பிரிவு முடிவாகிவிடுகிறது. சேர்ந்தபின் மாற்றுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதனால் அந்த ஊர் அறிவுரையை இங்கே அப்படியே பொருத்த முடியாது.

அகலமும் எண்ணிக்கையும்

பெரிய கல்லூரி என்று ஒரே பெயரில் அழைத்தாலும், அதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை அகலத்தால் பெரியது. 1929-இல் தொடங்கிய சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை, மொழியியல், வேளாண்மை, பொறியியல் எல்லாம் ஒரே வளாகத்தில். கிண்டியில் 1794-இன் நில அளவைப் பள்ளியிலிருந்து வளர்ந்த பொறியியல் கல்லூரியையும், ஏ.சி. டெக்கையும், கட்டடக்கலைப் பள்ளியையும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யையும் சேர்த்துத்தான் 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானது. இத்தகைய இடத்தில் இ.சி.இ. படிக்கும் பெண்ணுக்கு விடுதி மெஸ்ஸில் எதிரே உட்காருபவள் வேறொரு துறைக்காரியாக இருப்பாள். வேறு துறையிலிருந்து எடுக்க வேண்டிய ஓபன் எலெக்டிவ் பாடத்துக்கும் உண்மையிலேயே ஆசிரியர் இருப்பார்.

இரண்டாவது வகை எண்ணிக்கையால் பெரியது. ஒரு பாடப்பிரிவுக்கு இத்தனை இடங்கள்தான் என்றிருந்த உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. 2024-25 கல்வியாண்டில் நீக்கியது. தரமான நிறுவனங்கள் தேவைக்கேற்ப வளரட்டும் என்பது நோக்கம். விளைவு, கம்ப்யூட்டர் சயின்ஸில் மட்டும் ஏ, பி, சி என்று எழுத்துகள் நீண்டுகொண்டே போகும் கல்லூரிகள். அங்கே ஆயிரம் பேர் இருந்தாலும் ஆயிரம் பேரும் ஒரே பாடம், ஒரே கனவு, ஒரே வேலைக்கான போட்டி.

எண்ணிக்கைக்கும் ஒரு பலன் உண்டு, மறுக்க முடியாது. ஆளெடுக்க வரும் நிறுவனம் ஒரே நாளில் பல நூறு பேருக்குத் தேர்வு வைத்து முடிக்கப் பார்க்கும். அதனால் கூட்டம் உள்ள இடத்துக்கு நேரே வரும். சின்னக் கல்லூரி மாணவர்கள் பெரும்பாலும் வேறொரு கல்லூரியில் நடக்கும் பூல் கேம்பஸுக்குப் பஸ் பிடித்துப் போகவேண்டியிருக்கும்.

திட்டமிட்ட சிறுமையும் காலி பெஞ்சுகளும்

சிறியதிலும் இப்படியே.

திட்டமிட்டுச் சிறியதாக வைத்திருக்கும் இடத்துக்கு நல்ல உதாரணம், பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகம். லயோலா கல்லூரியில் ரசீன் பாதிரியாரிடம் கணிதம் படித்த சி.எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கிய ஆய்வு நிறுவனம் அது. 1998-இல் இளநிலை வகுப்புகள் வந்தன. சொந்த நுழைவுத் தேர்வு வைத்துக் கொஞ்சம் பேரை மட்டுமே எடுப்பார்கள். ஆராய்ச்சி செய்பவர்களே முதலாண்டுக்கும் பாடம் எடுப்பார்கள். ஒரு பையன் இரண்டு வகுப்புக்கு வரவில்லை என்றால் யாராவது கேட்பார்கள். சிறியது என்று நாம் ஆசைப்படுவது இதைத்தான்.

இன்னொரு சிறுமை காலி இடங்களால் வருவது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு முடியும்போது ஒவ்வோர் ஆண்டும் பல்லாயிரம் பொறியியல் இடங்கள் நிரம்பாமல் நிற்கின்றன. அறுபது பேர் இருக்கவேண்டிய வகுப்பில் இருபது பேர். வெளியிலிருந்து பார்த்தால் “அட, ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகக் கவனிப்பார்களே” என்று தோன்றும். ஆனால் இருபது பேர் கட்டும் கட்டணத்தில் அறுபது பேருக்கான ஆசிரியர்களையும் ஆய்வகத்தையும் வைத்திருக்க முடியாது. அனுபவமுள்ளவர்கள் ஒவ்வொருவராக வேறிடம் பார்த்துப் போவார்கள். ஒருநாள் துறையையே மூடிவிடுவார்கள்.

காகிதத்தில் உள்ள ஆசிரியர்–மாணவர் விகிதத்தையும் அப்படியே நம்பவேண்டாம். ஒரே பேராசிரியரின் பெயர் பல பொறியியல் கல்லூரிகளின் கணக்கில் இருந்ததை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது. அதன்பின் அண்ணா பல்கலைக்கழகமே விசாரணையில் இறங்கியது.

ஆக, பெரியதா சிறியதா என்ற கேள்வி பாதிக் கேள்விதான். எதனால் பெரியது, எதனால் சிறியது என்று கேட்டால்தான் முழுக் கேள்வி. பிள்ளை நான்கு வருடம் குடியிருக்கப்போவது வளாகத்தின் முகப்பு வளைவில் அல்ல. ஒரு துறையில், அதற்குள் ஒரு வகுப்புப் பிரிவில். அளந்து பார்க்கவேண்டியது அதைத்தான்.

எந்தப் பிள்ளைக்கு எது?

கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்குச் சின்னக் கல்லூரி என்பது வழக்கமாகச் சொல்வது. எப்போதும் சரியாக வராது. பள்ளியில் வாயே திறக்காத பெண், தன்னைப் போலவே ட்ரோன் பைத்தியம் பிடித்த நான்கு பேர் கிடைத்ததும் இரவெல்லாம் பேசுவாள். அந்த நான்கு பேர் அகலமான இடத்தில் கிடைக்க வாய்ப்பு அதிகம். மாறாக, முன்வந்து நிற்கும் ஆசை உள்ளவன் ஐம்பது பேர் உள்ள துறையில் இரண்டாம் ஆண்டிலேயே சிம்போசியம் நடத்துவான், பேராசிரியரின் ஆராய்ச்சியில் கூடமாட வேலை செய்வான். பெரிய இடத்தில் அதற்கு வரிசையில் நிற்கவேண்டும்.

முதல் தலைமுறைப் பட்டதாரி என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு கல்லூரியின் அளவைப் பற்றியதல்ல, நுழையக் கடினமான பெயர்பெற்ற கல்லூரிகளைப் பற்றியது. அத்தகைய இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்கள், பின்னாளில் ஏறக்குறைய அதே அளவு சம்பாதித்தார்கள் என்று கண்டார்கள். ஆனால் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தக் கல்லூரியால் லாபம் இருந்தது. காரணத்தை ஊகிப்பது சிரமமில்லை. வீட்டில் சித்தப்பாவோ மாமாவோ வழிகாட்டும் நிலையில் இல்லாத பிள்ளைக்கு அந்த இடத்தைச் சீனியர்களும் பழைய மாணவர்களும்தான் நிரப்புகிறார்கள். ஆகவே அப்படிப்பட்ட வீட்டில், “நம்ம வசதிக்குப் பக்கத்திலேயே போதும்” என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

உடுமலைத் தாய்க்கு ஒரு குறிப்பு: கோவைக் கல்லூரிக்கும் மகள் தினமும் பஸ்ஸில்தான் போய்வருவாள் என்றால், பெரிய கல்லூரியின் பாதி உங்களுக்குக் கிடைக்காது. கிளப், பயிற்சி, போட்டிக்கான தயாரிப்பு எல்லாம் வகுப்பு முடிந்த பிறகு. கல்லூரிப் பஸ் அதற்குள் கிளம்பிவிடும். விடுதிக்குப் பணமும் மனமும் இருக்கிறதா என்பதை முதலில் பேசுங்கள்.

நேரில் போங்கள்

விளம்பர நாளில் போகாதீர்கள், வேலைநாளில் போங்கள். அலுவலக அறையைவிட வாசல் டீக்கடையில் நிற்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நன்றாகச் சொல்வார்கள். கேள்விகளை மகளே கேட்கட்டும்:

“உங்க துறையில எத்தனை செக்‌ஷன்?”

“போன வருஷம் பாடம் எடுத்தவங்கள்ல எத்தனை பேர் இப்பவும் இருக்காங்க?”

“லேப்ல ஒரு கிட்டுக்கு எத்தனை பேர்?”

“புராஜெக்ட் கைடை வாரத்துல எத்தனை தடவை பார்க்க முடியுது?”

“ஓபன் எலெக்டிவ்னு நிஜமா எத்தனை பாடம் நடத்துறாங்க?”

இதோடு, அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தையும் சென்ற ஆண்டுக் கட்-ஆஃபையும் பாருங்கள். என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரி கொடுத்த விவரத்தில், வேலை பெற்றவர்களின் நடுமட்டச் சம்பளம் இருக்கும். ஃபிளெக்ஸ் பேனரில் உள்ள அதிகபட்சச் சம்பளத்தை விட்டுவிட்டு இதைப் படியுங்கள்.

“நீங்களே சொல்லுங்கம்மா” என்பது பல நேரம் பயத்தில் வரும் பேச்சு. தப்பாகப் போனால் பழி தன்மேல் விழுமோ என்ற பயம். எனவே பெற்றோர் இரண்டை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: எவ்வளவு பணம் முடியும், எவ்வளவு தூரம் அனுப்புவோம். அந்த எல்லைக்குள் எதை எடுத்தாலும் பின்னால் குத்திக்காட்ட மாட்டோம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு பட்டியலை அவளே போடட்டும்.

பட்டியல் போடும்போது ஒரு விதி. கலந்தாய்வு மென்பொருள், தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது, மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் காலியாக உள்ள இடத்தை ஒதுக்கும். மேலே ஆசைப்பட்டதை எழுதியதால் கீழே உள்ளது பறிபோகாது. ஆனால் ஊர் மெச்சுவதற்காக, மனதுக்குப் பிடிக்காத பெரிய கல்லூரியை மேலே எழுதி அது கிடைத்துவிட்டால், கீழே இருக்கும் பிடித்த சிறிய கல்லூரி கைவிட்டுப் போகும். முதல் வரியில் எதை எழுதுகிறாளோ, அது கிடைத்தால் அன்றே சந்தோஷமாகப் பணம் கட்டுவோமா என்று மூவரும் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். தயக்கம் வந்தால் அந்த வரியை இறக்கிவிடுங்கள்.

அடுத்த வாரம்: கட்டணம், விடுதி, கல்விக் கடன். சேரும்முன் போடவேண்டிய கணக்கு.

(தொடரும்)